சாலையோர வேலைக்குப் போகிறவர்கள்: தாராபுரம் பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டிய பாதுகாப்பு விவரங்கள்

தாராபுரம் அருகே குள்ளாய்பாளையத்தில் 2025 மே மாதத் தொடக்கத்தில் நடந்த விபத்தை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலப் பணிக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் இருசக்கர வாகனம் விழுந்து கணவனும் மனைவியும் உயிரிழந்தனர். உடன் வந்த மகள் காயங்களுடன் மீட்கப்பட்டார். பள்ளத்துக்கு முன்னால் போதிய தடுப்பும் எச்சரிக்கையும் இல்லை என்பதே அன்று எல்லோரும் சொன்ன குறை.

அந்தச் செய்தியைப் பெரும்பாலோர் பயணம் செய்கிறவர்களின் பக்கம் நின்றே படித்தோம். அதே பள்ளத்தில் பகலில் இறங்கிக் கம்பி கட்டுகிறவர்களும், ஓரத்தில் நின்று ஜல்லி தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கைப் பலகை இரவில் பயணியைக் காப்பாற்றுகிறது என்றால், பகலில் அந்தத் தொழிலாளியைக் காப்பாற்றுவதும் அதே பலகைதான். அது இல்லாத இடத்தில் இருவருக்கும் ஆபத்து ஒன்றே. எனவே இந்தக் கட்டுரையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும், அந்தச் சாலையில் வண்டி ஓட்டும் நமக்கும் தேவையான விவரங்களைச் சேர்த்தே தருகிறோம்.

சாலையோர வேலை என்றதும் தார் போடும் கூட்டம் மட்டும் நினைவுக்கு வரும். நம் ஊரில் அந்தப் பட்டியல் நீளம். நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள், குடிநீர்க் குழாய்க்கும் இணையக் கேபிளுக்கும் குழி வெட்டுகிறவர்கள், மின் கம்பிக்கு இடையூறான கிளைகளை வெட்டும் மின்வாரியத் தொழிலாளர்கள், நூறு நாள் வேலையில் சாலையோர முள்ளை அகற்றும் பெண்கள், காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லருக்கு முன்னால் நடந்து வண்டிகளை ஒதுக்குகிறவர்கள், பழுதாகி நின்ற லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் மெக்கானிக் என எல்லோரும் இதில் அடக்கம். பஜ்ர் தொழுகை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் இருட்டு விலகாத சாலையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர்களைப் பார்க்காதவர் நம்மில் இல்லை.

அந்த நேரம்தான் நம் பகுதியில் சாலை வேகமெடுக்கும் நேரமும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் ஆள் ஏற்றும் வேன்களும் பேருந்துகளும் ஷிப்டுக்கு நேரத்தில் சேர வேண்டிய அவசரத்தில் ஓடுகின்றன. கிழக்கு மேற்காக ஓடும் கரூர் சாலையிலும் உடுமலை சாலையிலும் காலை மாலை வெயில் நேராக ஓட்டுநரின் கண்ணில் அடிக்கும். முன்னால் குனிந்து நிற்கும் ஆள் அந்த வெளிச்சத்தில் வெறும் நிழலாகத்தான் தெரிவார்.

எத்தனை மீட்டர் முன்னால்?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் 22 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கணக்குப் போட்டிருக்கிறது. அதன்படி வண்டி முழுதாக நிற்கத் தேவையான தூரம் 60 கி.மீ. வேகத்தில் 80 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் 120 மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் 180 மீட்டர். இது நல்ல பிரேக்கும் கவனமான ஓட்டுநரும் உள்ள கணக்கு. தேய்ந்த டயரும், கைப்பேசியில் பேசும் ஓட்டுநரும், மழை ஈரமும் சேர்ந்தால் இந்தத் தூரம் போதாது.

இப்போது நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். குழிக்கு ஐந்து மீட்டர் முன்னால் ஒரு டிரம், அதன் மேல் சிவப்புத் துணி, பக்கத்தில் ஒரு முள் கிளை, நான்கு கல். ஓட்டுநர் அதைப் பார்க்கும்போது பிரேக் அடித்துப் பயனில்லாத தூரத்துக்கு வந்திருப்பார். மிஞ்சுவது ஒடிப்பது மட்டும்தான். எந்தப் பக்கம் ஒடிப்பார் என்பது அவருக்கே தெரியாது.

சாலைப் பணி இடங்களில் போக்குவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் எஸ்.பி. 55 என்ற தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. 2001-ல் வந்தது, 2014-ல் திருத்தப்பட்டது. அதன் அடிப்படை எளிது. வேலை நடக்கும் இடத்தை மட்டும் மறைத்தால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் சாலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். முதலில் 'முன்னால் வேலை நடக்கிறது' என்று சொல்லும் எச்சரிக்கைப் பகுதி. அடுத்து வண்டிகளை மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஒதுக்கும் சாய்வுப் பகுதி. பிறகு வேலை நடக்கும் இடம். கடைசியாக வண்டிகள் மறுபடியும் தங்கள் தடத்துக்குத் திரும்பும் பகுதி.

இதில் அதிகம் ஏமாற்றப்படுவது சாய்வுப் பகுதிதான். சாலைக்குக் குறுக்கே ஐந்து கோன்களைப் பத்து மீட்டருக்குள் நெருக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்புத்தகத்தின் கணக்கில், 60 கி.மீ. வேகச் சாலையில் 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தை மூட சுமார் 80 மீட்டர் நீளத்துக்குக் கோன்கள் சாய்வாக வர வேண்டும். அந்த நீளம் கிடைத்தால் ஓட்டுநர் ஒடிக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் போதும்.

சாய்வு முடியும் இடத்துக்கும் முதல் தொழிலாளி நிற்கும் இடத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். அங்கே ஆள், கருவி, ஜல்லிக் குவியல், டீ கேன் எதுவும் இருக்கக் கூடாது. கட்டுப்பாடு இழந்த வண்டி நின்று தொலைய அது ஒன்றுதான் இடம். நம் ஊரில் அந்த வெற்றிடத்தில்தான் வேலையாட்களின் இருசக்கர வாகனங்கள் நிற்கும், சாப்பாட்டுத் தூக்குகள் தொங்கும், நிழலுக்குச் சித்தாள் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றை நம்பித்தான் தாராபுரம், உடுமலை வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் வெறும் கோன் கால் மணி நேரம்கூட நிற்காது. ஃபிளக்ஸ் போர்டு முகம் குப்புற விழும். அதைத் தடுக்கக் கோன் மேலே கல்லை ஏற்றி வைப்பது வழக்கம். அது தவறு. லாரி மோதினால் அந்தக் கல் பறந்து வேலை செய்கிறவர் மேல்தான் விழும். அடிப்பாகம் கனமான கோன் வாங்க வேண்டும், அல்லது அடியில் மணல் மூட்டை வைக்க வேண்டும். ஒரு மணல் மூட்டைக்கு ஆகும் செலவை யாரும் காரணமாகச் சொல்ல முடியாது.

கொடி பிடிப்பவர்

இருவழிச் சாலையில் ஒரு பக்கத்தை மூடிவிட்டால், இரண்டு முனையிலும் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். கூட்டத்தில் மிகவும் புதியவரையோ, வேலை செய்ய முடியாத வயதானவரையோ இதற்கு நிறுத்துவதுதான் நடைமுறை. உண்மையில் எல்லோருடைய உயிரும் அவர் கையில் இருக்கிறது. கண்ணும் காதும் நன்றாக உள்ளவர், சத்தமாகப் பேசத் தெரிந்தவர், நிற்காமல் போகும் வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போகாதவர் இதற்கு வேண்டும்.

அவர் தடத்தின் நடுவில் நிற்கக் கூடாது; ஓரத்தில், எதிரே வருபவருக்கு நன்கு தெரியும்படி நிற்க வேண்டும். வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டக் கூடாது. வண்டி நிற்காமல் வந்தால் எந்தப் பக்கம் தாவுவது என்பதை நிற்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். பின்னால் கால்வாயோ பள்ளமோ இருக்கும் இடம் ஆகாது. மரத்தடி நிழலில் நிற்க ஆசை வரும், ஆனால் நிழலுக்குள் நிற்பவர் வெயிலில் வரும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தாமதமாகவே தெரிவார். இரு முனையும் ஒருவருக்கொருவர் தெரியாத வளைவாக இருந்தால் வாக்கி டாக்கி வேண்டும். அது இல்லாத இடத்தில், விடப்பட்ட வரிசையின் கடைசி வண்டியிடம் ஒரு கொடியைக் கொடுத்து அனுப்பி, அது மறுமுனைக்குச் சேர்ந்த பிறகு எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடும் பழைய வழி இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

சொந்த வண்டியே மோதும்போது

வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவது வேகமாக வரும் வெளி வண்டிகளைப் பற்றி. ஆனால் பாதி ஆபத்து தடுப்புக்கு உள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1992 முதல் 1998 வரை அந்நாட்டுச் சாலைப் பணியிடங்களில் நடந்த உயிரிழப்புகளை ஆராய்ந்தது. நடந்துகொண்டோ நின்றுகொண்டோ வேலை செய்தவர்களில் வெளி வண்டி மோதி இறந்தவர்களும், அதே வேலைக்கு வந்த வண்டியும் இயந்திரமும் மோதி இறந்தவர்களும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் இருந்தார்கள். நம் ஊரில் டிப்பரும் ரோலரும் ஜேசிபியும் தண்ணீர் லாரியும் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

இவற்றில் கொடியது ரிவர்ஸ். டிப்பர் ஓட்டுநருக்கு வண்டிக்கு நேர் பின்னால் எதுவும் தெரியாது; கண்ணாடியில் தெரிவது இரு பக்கமும்தான். இடது பக்கக் கதவுக்குக் கீழே நிற்பவரும் தெரிய மாட்டார். தார்க் கலவையைக் கொட்ட டிப்பர் பின்னால் வரும்போது, கரண்டியோடு பேவர் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மெஷின் சத்தத்தில் ஹாரனும் காதில் விழாது. ரிவர்ஸ் அலாரம் இருந்தாலும், நாள் முழுக்க அலறும் அலாரத்தைக் காது ஒரு மணி நேரத்தில் ஒதுக்கிவிடும். 'சத்தம் தலைவலி' என்று ஒயரையே பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு.

வழி என்ன? முடிந்தவரை ரிவர்ஸே தேவைப்படாதபடி டிப்பர் வந்து போகும் வழியை அமைப்பது முதல் வேலை. தவிர்க்க முடியாத இடத்தில் ஒரே ஒருவர் மட்டும் பின்னால் பார்த்து விட வேண்டும். ஓட்டுநர் அவர் பேச்சை மட்டுமே கேட்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து 'வரட்டும் வரட்டும்' என்பதும், ஐந்தாவது ஆள் 'ஹோல்டான்' என்பதும்தான் விபத்தாகிறது. பார்த்து விடுகிறவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியை விட்டு மறைந்த அந்த நொடியே ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நின்ற டிப்பரின் பின் சக்கரத்தடியில், ரோலரின் நிழலில் படுத்து ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் நம் வீட்டில் இருந்தால், இன்றே பேசி நிறுத்தச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து வண்டி எடுக்கும்போது யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

சட்டை, வெளிச்சம், தூக்கம்

ஆரஞ்சு, பச்சை நிறப் பாதுகாப்பு ஜாக்கெட்டில் இரண்டு விதமான பொருள் இருக்கிறது. துணியின் பளிச்சென்ற நிறம் பகலுக்கானது. சூரிய ஒளி இருந்தால்தான் அது மின்னும். குறுக்கே ஓடும் வெள்ளிப் பட்டை இரவுக்கானது. முகப்பு விளக்கு பட்டால் ஒளியை ஓட்டுநர் பக்கமே திருப்பி அனுப்பும். பட்டை இல்லாத வெறும் ஆரஞ்சு சட்டை இரவில் கறுப்புச் சட்டைக்குச் சமம். தாரும் டீசலும் படிந்து, பலமுறை துவைத்து உரிந்த பட்டையும் அப்படியே. சோதிக்க எளிய வழி உண்டு: இரவில் வீட்டு வாசலில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி நின்று டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். பட்டை பளீரென்று தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். மேஸ்திரி தராவிட்டால் நாமே வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கொடுப்பது ஒப்பந்ததாரரின் கடமை என்பதையும் கேட்டுச் சொல்லிவிட வேண்டும். பழனிப் பாதயாத்திரை செல்கிறவர்களின் பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதை நம் சாலைகளில் தைப்பூச நாட்களில் பார்க்கிறோம். அதே அளவு அக்கறை குழி வெட்டுகிறவருக்கும் வேண்டும்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பணியிடத்திலேயே, சாலை ஓரத்திலேயே தூங்குவது தனிக் கொடுமை. 2021 ஜனவரியில் குஜராத்தில் சூரத் அருகே கிம் என்ற ஊரில் சாலையோரம் தூங்கிய ராஜஸ்தான் தொழிலாளர்கள் மீது லாரி ஏறியதில் 15 பேர் இறந்தனர். 2024 நவம்பர் 26 அன்று கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் நாட்டிகாவில், பணிக்காக மூடப்பட்டிருந்த தேசிய நெடுஞ்சாலைப் பகுதியில் தூங்கியவர்கள் மீது மரம் ஏற்றிய லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு ஏறியது. குழந்தைகள் உட்பட ஐந்து பேர் இறந்தனர். அவர்கள் பொள்ளாச்சிக்கு அப்பால் எல்லையோரம் உள்ள கோவிந்தாபுரத்தைச் சேர்ந்தவர்கள். 'சாலை மூடியிருக்கிறது' என்ற நம்பிக்கையில்தான் அங்கே படுத்தார்கள். தகரத் தடுப்பு ஓட்டுநருக்கு ஒரு செய்தி சொல்லும், அவ்வளவுதான். லாரியைத் தடுக்கும் சுவர் அல்ல.

விபத்து நடந்துவிட்டால்

அல்லாஹ் காக்க வேண்டும். ஆனாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விவரங்கள் இவை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவர் மீது வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது.

இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வேலை தந்தவரிடமிருந்து. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பல காலம் இதற்கு அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தில் வந்திருக்கிறது. உயிரிழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளக் கணக்கின் உச்சவரம்பாக 2020 ஜனவரியில் நிர்ணயித்த ரூ.15,000-ஐ வைத்தால், 7,500-ஐ 184.17-ஆல் பெருக்க ரூ.13,81,275 வருகிறது. வேலை கொடுத்தவர் சின்ன மேஸ்திரி, அவரிடம் பணமில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. வேலையை அவருக்கு விட்ட பெரிய ஒப்பந்ததாரரும் பொறுப்பாளிதான்.

மற்றொன்று, மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்து, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழியாக. இதற்கு ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்கிறது சட்டம். ஒரே விபத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. எதில் போவது என்று மனுப்போடும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றே: அவர் யாரிடம், என்ன கூலிக்கு, எந்த வேலைக்குப் போனார் என்பதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. கூலியைக் கூகுள் பேயில் வாங்கினால் அந்தப் பதிவே சான்று. மேஸ்திரியின் பெயரும் எண்ணும், வேலை எடுத்த நிறுவனத்தின் பெயரும் வீட்டில் ஒரு நோட்டில் இருக்கட்டும். சாலை வேலையும் கட்டுமானத் தொழிலில் சேர்ந்ததுதான், ஆகவே 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம். பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

சாலைப் பணியில் பாதுகாப்பு விதிகளை மீறி அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு 2019-ல் சேர்க்கப்பட்டது. கோடிகளில் ஒப்பந்தம் போகும் வேலையில் இந்தத் தொகை யாரையும் பயமுறுத்தாது என்பதே எங்கள் கருத்து. அதுவும் அந்தப் பணம் விபத்து நிதிக்குத்தான் போகும், குடும்பத்துக்கு அல்ல.

வண்டி ஓட்டும் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கோன் தெரிந்த உடனேயே வேகத்தைக் குறைப்பது, கோன்களுக்கு நடுவே புகுந்து குறுக்கு வழி தேடாமல் இருப்பது, நம் கடைக்கு வழி வேண்டும் என்று தடுப்பை நகர்த்தி வைத்துவிட்டுப் போகாமல் இருப்பது. இரவில் தடுப்போ விளக்கோ இல்லாத பள்ளத்தைக் கண்டால் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும், மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியிலும் புகார் செய்யலாம். அதே இரவில் வேறொரு வண்டி வரும் என்பதால், காவல் துறைக்கு 100-லும் சொல்லிவிட்டு நகருங்கள்.